மீன் வண்டியும் மூன்று மஞ்சள் விளக்கும்

கேள்வி: காசிமேட்டில் மீன் லோடு அடிக்கும் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். டிராக் (drag) ரேஸில், அதாவது இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் போட்டியிடும் பந்தயத்தில், ஓட்ட ஆசை. டீசலில் 100 ஆக்டேன் பெட்ரோல் கலந்தால் வேகம் கூடுமென்கிறான் நண்பன். பச்சை விளக்கில் கிளம்பவும் தாமதமாகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, முதலில் அந்த நண்பரை டேங்க் பக்கம் விடாதீர்கள்! ஆக்டேன் பெட்ரோலின் கணக்கு, அதாவது தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் குணம். டீசலுக்குச் சீட்டேன்தான், அதாவது சட்டென்று பற்றும் குணம். பெட்ரோல் கலந்தால் அது குறையும், பம்பின் வழுவழுப்பும் போகும். அப்படி ஒரு வண்டி என் ஷெட்டுக்கு வந்தது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே வெள்ளித்தூள் மாதிரி இரும்புப்பொடி மினுங்குகிறது. பம்பு, இன்ஜெக்டர் எல்லாம் போச்சு.

சரி, விளக்குக்கு வருவோம். கால் மைல், 402 மீட்டர் ஓட்டம். கிளம்பும் கோட்டில் நிற்கும் வழக்கமான விளக்குக் கம்பத்தில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் எரியும், அப்புறம் பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தூங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கடைசி மஞ்சள் எரிந்ததுமே கிளட்சை விடுங்கள். உங்கள் காலும் வண்டியும் அசைவதற்குள் பச்சை வந்துவிடும். பச்சைக்கு முந்தினால் சிவப்பு, ஆட்டம் க்ளோஸ். ஓட்ட நேரக் கடிகாரம் வண்டி நகர்ந்த பிறகுதான் ஓடும், ஆனால் ஜெயிப்பவர் முடிவுக் கோட்டை முதலில் தொடுபவர்தான். அதனால் 17.2 வினாடியில் ஓடியவர் பச்சைக்குப் பின் 0.6 வினாடி தாமதித்தால், 0.1-இல் கிளம்பி 17.5-இல் ஓடியவரிடம் தோற்பார்.

ஐஸ் பெட்டியை இறக்கிவிடுங்கள். ஆனால் காலி வண்டியில் பின்சக்கரம் வழுக்கும், ஆக்சிலேட்டரை மெதுவாக மிதியுங்கள். எண்ணூர் ரோட்டில் மட்டும் பழகாதீர்கள், கன்டெய்னர் லாரிகள் உங்கள் மஞ்சள் விளக்குக்குக் காத்திருக்காது.