கொல்லை மரத்தில் பட்டறை மேசை

கேள்வி: கொல்லையில் நின்ற ஒரு வேம்பும் பூவரசும் காற்றில் சாய்ந்துவிட்டன. விறகாக்க மனம் வரவில்லை. மில்லில் கொடுத்து இரண்டரை அங்குலப் பலகைகளாக அறுத்து வந்து நான்கு மாதம் ஆகிறது. தச்சு வேலை பழக அதிலேயே ஒரு பட்டறை மேசை செய்ய ஆசை. இப்போதே ஆரம்பிக்கலாமா?
— ஒரு வாசகர், பேராவூரணி

பதில்: மேல்பலகையை இப்போது தொடாதீர்கள். இருபத்திரண்டு வயதில் நான் செய்த முதல் மேசை, பச்சை மாம்பலகை. அடுத்த சித்திரைக்குள் நடுவில் குழிந்து, தண்ணீர் ஊற்றினால் நிற்கும் அளவுக்கு ஆனது. போதாததற்கு வண்டு வேறு. தினமும் காலையில் மேசைக்கடியில் மாவு கொட்டிக் கிடக்கும். "யாருடா இங்க அரிசி இடிச்சது?" என்பார் அம்மா.

அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. நம் வெயிலுக்கு அவ்வளவு ஆகாது, ஆனால் நான்கு மாதம் போதவே போதாது. பலகைகளை நிழலில், காற்றோட்டமாக, இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்குங்கள். வெட்டுமுனைகளில் பெயிண்ட் பூசினால் வெடிப்பு குறையும். அதே தடிமனில், முனைகளில் பெயிண்ட் பூசிய ஒரு துண்டை அடுக்கிலேயே வைத்து, மாதம் ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை இறங்குவது நின்றதா? சரி, காய்ந்துவிட்டது.

மேல்பலகைக்குப் பூவரசு, காலுக்கு வேம்பு. வேம்பில் நார் முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடக்கும். எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் இழைப்புளி எங்காவது பிய்க்கும். தூள் உதட்டில் பட்டாலே கசப்பு. கால் நான்குக்கு அவ்வளவு இழைப்பு வேண்டாமே! எதிலும் வைரம் பாய்ந்த, நிறம் கறுத்த உள்பகுதியாகப் பாருங்கள், வெளியில் இருக்கும் வெள்ளையை ஒதுக்கிவிடுங்கள். மரத்தின் நட்டநடு மையமான நடுச்சோறு ஓடும் பலகையும் வேண்டாம், பிளக்கும்.

கை துறுதுறுக்கிறதென்றால் இன்னும் இரண்டு மாதம் கழித்து மேசைக் கால்களை ஆரம்பிக்கலாம். குறுக்குச் சட்டத்துக்கு மட்டும் வீட்டில் கிடக்கும் பழைய, நன்றாகக் காய்ந்த சட்டத்தை எடுங்கள். கால் அதன்பின் சுருங்கும்போது, அதில் உள்ள துளை, சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை இறுக்கிக் கவ்விக்கொள்ளும். மேல்பலகையைக் காலோடு பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். அது மழைக்கு அகலும், வெயிலுக்குச் சுருங்கும். போல்ட் போகும் துளையைப் பலகையின் அகலவாக்கில் சற்று நீட்டி விட்டால் நகர இடம் இருக்கும்.

உயரம்? கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து மடக்கி நில்லுங்கள். அதுதான் உங்கள் மேசை. எனக்கு 32 அங்குலம்.

அப்புறம், கொல்லை மரத்தில் எவராவது துணிக்கொடிக்கு ஆணி அடித்திருப்பார்கள். இழைக்கும் முன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பாருங்கள். என் இழைப்புளித் தகட்டில் இருக்கும் பிறைநிலா வடு அப்படி வந்ததுதான்.