அப்பப்பாவின் கோபம் பேரனுக்கும் வருமா?

கேள்வி: மகனுக்கு 14 வயது. டியூசன் முடிந்து வந்து நள்ளிரவு வரை ஃபோன். காலையில் 5 மணிக்கு எழுப்ப வேண்டும். சின்ன விசயத்துக்கும் கத்துகிறான், கதவை அடித்துச் சாத்துகிறான். என் மாமனார் குடியாலும் கோபத்தாலும் பெயர் எடுத்தவர். “அப்பப்பாவின் ரத்தம், மாறாது” என்கிறார் மாமி. உண்மையா டொக்டர்? – ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கொஞ்சம் உண்மை. குடிக்கு அடிமையாவதில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ பாதிக்கு மரபணுக்கள் காரணம் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. முன்கோபத்திலும் அவற்றுக்குப் பங்குண்டு. ஆனால் இது பெருந்தொகையான மக்களை வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் மகன் எப்படி வருவான் என்று அது சொல்லாது. தவிர, பேரனின் மரபணுக்களில் அப்பப்பாவிடமிருந்து வருவது சராசரியாக 25 சதவீதம்தான். அதே அளவு மாமியிடமிருந்தும் வந்திருக்கும். (இதை அவரிடம் சொல்வது உங்கள் பாடு.)

மரபணு என்றால் மாறாது என்பதும் பிழை. மரபணுவால் வரும் பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறைக் கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி கெடும். பிறந்த கையோடு கண்டுபிடித்து உணவைக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் பிள்ளை நன்றாகவே வளரும். மரபணு அப்படியேதான் இருக்கும், மாறியது சாப்பாடு.

உங்கள் வீட்டில் நடப்பதை இப்படிப் பாருங்கள். சட்டென்று சூடாகும் சுபாவம் அவனுக்குப் பிறப்பிலேயே இருக்கலாம். அவன் கத்த நீங்கள் கத்துவீர்கள், அதைக் கேட்டு அவன் இன்னும் கத்துவான். சுபாவம் சூழலைக் கிளற, சூழல் சுபாவத்தைக் கிளறும். இதில் உங்கள் கையில் இருப்பது உங்கள் பக்கம்தான். அவன் கொதிக்கும் நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள். தணிந்த பிறகு கதையுங்கள். அவன் காதுபட “அப்பப்பா மாதிரியே” என்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். தான் யார் என்று தேடும் வயது இது. வீட்டார் வைக்கும் பெயரை அவன் உண்மை என்றே எடுத்துக்கொள்ளக் கூடும்.

அப்புறம் தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும். அவனுக்குக் கிடைப்பது ஐந்து. எனக்கென்றால் அப்பப்பாவை விட அந்த ஃபோன் மேல்தான் சந்தேகம். இரவு அது உங்கள் அறையில் சார்ஜ் ஆகட்டும்.

கலியாண வீடுகளில் “ஒரு வாய் குடிச்சுப் பார்” என்னும் மாமாமாரிடம் கண்டிப்பாக இருங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதையே நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. குடும்பத்தில் குடிப்பழக்கம் இருந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

யாரையாவது அடித்தால், தன்னைக் காயப்படுத்தினால், படிப்பு திடீரென விழுந்தால் காத்திருக்க வேண்டாம். குடும்ப வைத்தியர் மூலம் சிறுவர் மனநல வைத்தியரைப் பாருங்கள். அவசரமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.