‘தேதி வந்துச்சா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள்

கேள்வி: என் மகன் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறான். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பை எட்டிய முதல் பிள்ளை அவன். கடைசி செமஸ்டர் தேர்வு மூன்று முறை தள்ளிப்போனது. இரண்டு தாள் எழுதிய பிறகு, மீதியை ஆன்லைனில் நடத்துவதாகச் சொன்னார்கள். அதற்கும் இன்னும் தேதி வரவில்லை. பட்டமளிப்பு விழா இந்த ஆண்டு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். வேலைக்கு ஆஃபர் கடிதம் கையில் இருக்கிறது, சேர வேண்டிய நாள் நெருங்குகிறது. நாள் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். ‘தேதி வந்துச்சாப்பா?’ என்று கேட்டால் எரிந்து விழுகிறான். ‘கிடைச்ச நாள்ல உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானே’ என்கிறார் அவன் அப்பா. போன வாரம், ‘நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் கேட்காம இருந்தாலே போதும்’ என்று கத்திவிட்டான். விழாவுக்கென்று எனக்கு எடுத்த புது உடை பிரிக்காமலே அலமாரியில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. நாங்கள் என்ன செய்வது?
— ஒரு தாய்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு ஒரு ஹால் டிக்கெட் நினைவுக்கு வந்தது. நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் ஓர் ஆண்டு, இறுதியாண்டுத் தேர்வுகள் பாதியில் நின்றுபோயின. ஒரு மாணவி தினமும் காலையில் வந்து அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுப் போவாள். அவள் கையில் நாலாக மடித்த ஹால் டிக்கெட் இருக்கும். மடித்த இடத்தில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தாள். அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நீல மையில் ஒரு தேதி, அதையும் அடித்துவிட்டுக் கறுப்பு மையில் ஒன்று, அதற்கும் மேலே பென்சிலில் இன்னொன்று. நானும் உங்கள் கணவரைப் போலத்தான் சொன்னேன்: “கூடுதலா நாள் கிடைச்சிருக்கே, நல்லாப் படிம்மா.” அவள் சொன்ன பதிலை இன்றுவரை மறக்க முடியவில்லை. “மேடம், நான் ஏற்கெனவே மூணு தடவை பரீட்சைக்குப் போய்ட்டு வந்துட்டேன்.”

உங்கள் மகனும் மூன்று முறை போய்விட்டு வந்தவன்தான். தேர்வுக்குத் தயாராகிறவர்கள் அந்த ஒரு நாளை நோக்கி உடம்பையும் மனசையும் ஏற்றிக்கொண்டே போவார்கள். தூக்கத்தைக் குறைத்து, நண்பர்களை ஒதுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உச்சிக்கு வந்து நிற்கும்போது ‘இன்று இல்லை’ என்று சுற்றறிக்கை வருகிறது. இறங்க வேண்டும், திரும்பவும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். மூன்றாவது முறை ஏறச் சொன்னால் யாருக்கும் கால் எழாது. அப்பாவுக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. எனக்குக் களைப்பாகத் தெரிகிறது. இதை அவரிடம் நீங்களே பொறுமையாகச் சொல்லுங்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். ‘தேதி வந்துச்சாப்பா?’ என்பதில் உங்கள் அன்பு முழுவதும் இருக்கிறது, எனக்குப் புரிகிறது. அவன் காதில் விழுவது வேறு. அவனும் ஒரு நாளைக்கு இருபது முறை போனை எடுத்து அதைத்தான் பார்க்கிறான். இல்லை என்று ஒவ்வொரு முறையும் தனக்கே சொல்லிக்கொண்ட பிறகு, உங்களிடமும் ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. தேதி தராதது பல்கலைக்கழகம், ஆனால் பதில் சொல்லி மாளாதவன் அவன். கோபம் அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு பத்து நிமிடம். நாளையும் நேரத்தையும் அவனே சொல்லட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் தேர்வு, ரிசல்ட், வேலை எது பற்றியும் நீங்கள் கேட்கலாம். ‘ஒண்ணும் வரலை’ என்று அவன் சொன்னால் அதையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொண்டு எழுந்துவிட வேண்டும். மற்ற ஆறு நாளும் இந்தப் பேச்சே வீட்டில் எழக் கூடாது. உறவினர்கள் போனில் விசாரித்தால் பதில் சொல்வது உங்கள் வேலை, ‘தேதி வந்ததும் நாங்களே சொல்றோம்’ என்று முடித்துவிடுங்கள். போனை அவன் கையில் திணிக்காதீர்கள். சொல்லப்போனால், இந்தச் சமயத்தில் பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்பேன். தெரியாத ஒன்றைத் தெரியாமலேயே, கேட்காமல், கூட இருந்து தாங்குவது. அறிவுரை சொல்வதைவிட இது பல மடங்கு கஷ்டம்.

கேட்காமல் இருப்பது என்றால் பேசாமல் இருப்பது என்று ஆகிவிட வேண்டாம். கதவைத் தட்டி, ‘கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாமா?’ என்று கூப்பிடுங்கள். வர மாட்டான், மறுநாளும் கூப்பிடுங்கள். நடக்கும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, பிள்ளைகள் பாதையில் பேசுகிற அளவுக்கு மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசுவதில்லை.

படிப்பு விஷயத்தில் அவன் மறுபடி உச்சிக்கு ஏற வேண்டாம், படித்தது ஆறிப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். தேதி வரும்வரை தினம் ஒன்றரை மணி நேரம் போதுமானது. ஆனால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ், திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். தேதி தெரியாமல் வாரக்கணக்கில் காத்திருப்பவனுக்கு எது உதவும் என்று இதிலிருந்தே தெரிகிறதல்லவா? இதை அவனிடம் ஒருமுறை சொல்லுங்கள், இரண்டாம் முறை வேண்டாம். இரவு ஏழு மணி நேரமாவது தூங்கட்டும். படித்தது மூளையில் படிவது தூக்கத்தில்தான்.

ஆன்லைன் தேர்வென்றால் வீடும் தேர்வெழுத வேண்டும். ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். அதே நாற்காலி, அதே நேரம், கேமரா ஓடட்டும், வீட்டில் மற்ற எல்லோருடைய போனும் இணையத்திலிருந்து விலகியிருக்கட்டும். இணைப்பு அறுந்தால் மொபைல் டேட்டாவுக்கு எப்படி மாறுவது என்று அவன் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். தேர்வு நடுவில் அறுந்துபோனால், நேரம் தெரிகிற மாதிரி திரையைப் படம் பிடித்து அப்போதே தேர்வுத் துறைக்கு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். மறுநாள் சொல்லும் காரணத்தைவிட அந்த நிமிடம் போன மெயிலுக்கு மதிப்பு அதிகம்.

காகித வேலையில் நீங்கள் நிறையவே உதவலாம். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள். அவன் வளர்ந்த பிள்ளை, விண்ணப்பம் அவன் பெயரில், அவன் மெயிலிலிருந்துதான் போக வேண்டும். உங்கள் வேலை ஒரு ஃபைல் போடுவது. வந்த சுற்றறிக்கை ஒவ்வொன்றையும் தேதி வாரியாக அச்செடுத்து அதில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘நம்பத் தகுந்த வட்டாரம்’ எதையும் அந்த ஃபைலில் சேர்க்காதீர்கள், அவனுக்கு ஃபார்வர்டும் செய்யாதீர்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் இருந்தால்தான் அது செய்தி. உடல்நலக் குறைவோ குடும்பத்தில் துக்கமோ அவனுடைய தேர்வைப் பாதித்திருந்தால், மருத்துவச் சான்றை இப்போதே வாங்கிச் சமர்ப்பிக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு அதைக் கொண்டுபோனால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அந்த வேலை பற்றிப் பயப்படுகிறீர்கள். சேரும் நாள்வரை காத்திருக்காமல் நிறுவனத்தின் எச்.ஆருக்கு இந்த வாரமே அவன் எழுதட்டும். நான்கு வரி போதும்: தேர்வு தள்ளிப்போயிருக்கிறது, சுற்றறிக்கை இணைத்திருக்கிறேன், சான்றிதழைப் பிறகு தர அனுமதி உண்டா, இல்லையென்றால் சேரும் நாளைத் தள்ளிவைக்க முடியுமா? அவன் எழுதியதில் பிழை மட்டும் பாருங்கள், நடையைத் திருத்தாதீர்கள். தேர்வு முடிந்த மறுநாளே, ‘எல்லாத் தாள்களும் எழுதிவிட்டார், முடிவு நிலுவையில் உள்ளது’ என்று துறைத் தலைவரிடமோ தேர்வுத் துறையிடமோ ஒரு கடிதம் கேட்டு வாங்கட்டும். பிரிட்டனில் 2023 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பேராசிரியர்கள் விடைத்தாள் திருத்த மறுத்துப் போராடினார்கள். 145 பல்கலைக்கழகங்களில் நடந்த அந்தப் போராட்டத்தால், எந்த வகுப்பில் தேறினோம் என்றே தெரியாமல் பட்டமளிப்பு மேடை ஏறிய மாணவர்கள் உண்டு. மதிப்பெண் கைக்கு வராத அந்த மாதங்களில் இப்படி ஒரு கடிதம்தான் கைகொடுக்கும்.

‘குழப்பமான வருஷத்துல வாங்கின பட்டம்னு நாளைக்கு யாராவது சொல்வாங்களோ’ என்று அவன் உள்ளுக்குள் அஞ்சலாம். அவனுக்கு 1968 பிரான்சைச் சொல்லுங்கள். அந்த மே மாதம் மாணவர் போராட்டத்தால் நாடே நின்றது. பள்ளி இறுதித் தேர்வான ‘பாக்கலோரியா’வை வாய்மொழித் தேர்வாக மட்டும் நடத்தினார்கள். வழக்கத்தைவிட மிக அதிகம் பேர் தேறினார்கள், இளப்பமாகவும் பேசப்பட்டார்கள். எரிக் மோரான், சாண்ட்ரா மெக்னல்லி என்ற இரு பொருளியலாளர்கள் பிற்காலத்தில் அந்தத் தலைமுறையின் வாழ்க்கையைப் புள்ளிவிவரங்களில் தேடிப் பார்த்தார்கள். அந்த ஆண்டு மட்டும் கதவு அகலத் திறந்ததால் உயர்கல்விக்குள் நுழைந்தவர்கள், மேலே படித்து, நல்ல வேலையும் கூடுதல் சம்பளமும் பெற்றிருந்தார்கள் என்று 2008-ல் எழுதினார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பிலும் அதன் நன்மை தெரிந்தது. அது பள்ளித் தேர்வுதான், உங்கள் மகனுடையது பட்டத் தேர்வு. ஆனாலும் அவன் பயத்துக்கு அதில் பதில் இருக்கிறது.

ஒரு கதையை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் மூடியபோது நியூட்டன் வீட்டில் உட்கார்ந்தே சாதித்தார் என்ற கதை. 1665-ல் பல்கலைக்கழகம் மூடுவதற்கு முன்பே அவர் இளங்கலைப் பட்டம் வாங்கிவிட்டார். பாதி எழுதிய தேர்வு எதுவும் அவர் தலைக்கு மேலே தொங்கவில்லை.

இனி பட்டமளிப்பு விழா. அதை ‘ஒரு நாள் கூத்துதானே’ என்று அவன் சொன்னால் நம்பிவிடாதீர்கள், நீங்களும் அப்படிச் சொல்லி அவனைத் தேற்றாதீர்கள். கடைசித் தாளை எழுதிவிட்டு ஹாலை விட்டு வெளியே வந்து நண்பர்களோடு நிற்கும் அரை மணி நேரம், மேடையில் பெயர் வாசிக்கப்படும் ஒரு நொடி, இவை இல்லாமல்போனால் படிப்பு முடிந்தது என்பதையே மனசு ஏற்றுக்கொள்வதில்லை. அவன் இழந்தது அந்த முடிவை. துக்கம் என்று சொல்லத் தகுந்ததுதான் அது. அமெரிக்காவில் 1970 மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு எழுந்த கொந்தளிப்பில், பாஸ்டன் பல்கலைக்கழகம் அந்த ஆண்டுத் தேர்வுகளையும் பட்டமளிப்பு விழாவையும் ரத்து செய்தது. நாற்பது ஆண்டு கழித்து, 2010-ல், அந்த ஆண்டு மாணவர்களைப் பட்டமளிப்பு விழாவுக்குத் திரும்ப அழைத்தது. அறுபதைத் தாண்டியவர்கள் அங்கி அணிந்து வந்தார்கள். அவ்வளவு நாள் கழித்தும் வரத் தோன்றியிருக்கிறது பாருங்கள். 2020 மே மாதத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களோ யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டுக்குள் தங்கள் வளாகத்தைக் கட்டடம் கட்டடமாக எழுப்பி, அதற்குள் தங்கள் பட்டமளிப்பை நடத்திக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டில் எப்படி என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். ரகசியமாக ஏற்பாடு செய்து அவனைத் திகைக்கவைக்க வேண்டாம், உறவினர் கூட்டத்தின் நடுவே நிற்கும் மனநிலை அவனுக்கு இருக்காது. ‘உனக்கு எப்படிப் பிடிக்கும், யாரெல்லாம் இருக்கணும்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘ஒண்ணும் வேணாம்மா’ என்றால் சரி என்று விடுங்கள், மூன்று மாதம் கழித்து அவனே கேட்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டுப்போனால், நண்பர்களிடமும் பேசாமல் இருந்தால், ‘இருந்து என்ன பண்ண’ என்பது மாதிரி வார்த்தை விழுந்தால், மழுப்பாதீர்கள். ‘செத்துப்போகணும்னு தோணுதாப்பா?’ என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பேச ஆள் இருக்கிறது என்ற தெம்புதான் வரும். ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். வாரத்துக்குப் பத்து நிமிடம் என்று நான் சொன்ன ஒப்பந்தம் இதற்குப் பொருந்தாது.

அந்தப் புது உடையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த நாள் அவனுக்கு மட்டும் போகவில்லை, உங்களுக்கும்தான் போயிற்று. குடும்பத்தின் முதல் பட்டதாரியின் தாயாக அந்த நாளை எத்தனை வருடம் மனசில் வைத்திருந்தீர்களோ. அழுகை வந்தால் அழுங்கள், அவன் பார்த்துவிட்டாலும் பரவாயில்லை. ‘உன்னால இல்லப்பா, எனக்கும் அந்த விழாவைப் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு’ என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒரு நாள் தேதி வரும், அவன் கடைசித் தாளை எழுதுவான். அன்று காலை அந்த உடையைப் பிரித்து உடுத்திக்கொள்ளுங்கள். அவன் அந்த அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது, எப்படி எழுதினாய் என்று கேட்காமல், வாசலில் நில்லுங்கள்.