கிலோவா, பாரா, பிஎஸ்ஐயா?

கேள்வி: எங்கள் தோப்பில் போர்வெல் தண்ணீரை மேட்டில் உள்ள தொட்டிக்கு ஏற்றுகிறோம். மோட்டார் தகட்டில் ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) மீட்டரில் இருக்கிறது. போர் வாயில் மாட்டிய பிரஷர் கேஜ் 60 பிஎஸ்ஐ காட்டுகிறது. சொட்டுநீர்க் குழாயோடு வந்த தாளில் பார் என்று போட்டிருக்கிறார்கள். கடையில் "4 கிலோ பைப் போதும்" என்கிறார்கள். எதை எதனோடு ஒப்பிடுவது, அண்ணா?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, பைப்பை இன்னும் வாங்கவில்லை என்றால் ரொம்ப நல்லது. கடையில் 4 கிலோ, 6 கிலோ என்று சொல்வது, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அத்தனை கிலோ எடை அழுத்துவதைத்தான். 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் அடியில் ஒரு கிலோ அழுத்தம் இருக்கும். தோட்ட வேலைக்கு இந்த 10 மீட்டர் கணக்கு ஒன்றே முக்கால்வாசி வழியைக் காட்டிவிடும்.

பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு என்ற கணக்கு. அதைக் கிலோவாக்க 14.2ஆல் வகுங்கள். உங்கள் 60 பிஎஸ்ஐ 4.2 கிலோ ஆகிறது, அதாவது 42 மீட்டர் தண்ணீர். 4 கிலோ பைப் இப்போதே எல்லையைத் தாண்டிவிட்டது. பாருக்கும் கிலோவுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுதான். ஒரு பார் 1.02 கிலோ. பைப் வாங்கும்போது இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

தகட்டில் உள்ள ஹெட் முழுவதும் கேஜில் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். போரில் தண்ணீர் 40 மீட்டர் ஆழத்தில் நின்றால், அந்த 40 மீட்டர் மேலே வந்து சேருவதற்கே செலவாகிவிடும். மிச்சம் இருப்பதைத்தான் கேஜ் காட்டும். ஆனால் யாராவது கேட் வால்வை மூடிவிட்டால் அழுத்தம் இன்னும் ஏறும். வால்வு முழுக்க மூடியிருக்கும்போது எத்தனை மீட்டர் வரும் என்று பம்பு விற்றவரிடம் கேளுங்கள். அதில் தண்ணீர் மட்டத்தின் ஆழத்தைக் கழியுங்கள். மழைக்காலத்தில் மட்டம் மேலே வரும், அந்த ஆழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 60 மீட்டருக்குள் நன்றாகவே அடங்கினால் 6 கிலோ பைப் எடுக்கலாம். ஒட்டி வந்தால் 8 கிலோவுக்குப் போங்கள். இன்னொன்று, பிவிசி பைப்பில் அச்சிட்ட அழுத்தம் 27 டிகிரி வெப்பத்துக்குச் சொன்னது. நம் பாலக்காட்டு மார்ச் வெயிலில் வரப்பு மேல் கிடந்தால் பைப்பின் பலம் குறைந்துவிடும். மண்ணுக்குள் புதையுங்கள்.

கேள்வி: கோவையில் வாங்கிய அதே குக்கர், அதே வெயிட். மூணாறில் பருப்பு வேக நேரம் கூடுதலாக ஆகிறது. வெயிட் மாறாதபோது அழுத்தம் எப்படி மாறும்?
- ஒரு வாசகி, மூணாறு

பதில்: அம்மா, இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். கஞ்சிக்கோட்டில் பாய்லர் ரூமில் இருந்த காலத்தில், புதிதாக வரும் பையன்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்: அலகை மாற்றும் முன், எந்த இடத்தைப் பூஜ்ஜியமாக வைத்து அளந்தார்கள் என்று கேள்.

குக்கர் வெயிட் சுமார் ஒரு கிலோ அழுத்தத்தில் தூக்கிக்கொள்ளும். அந்த ஒரு கிலோ, வெளியே உள்ள காற்றழுத்தத்துக்கு மேல்தான் கணக்கு. கடல்மட்டத்தில் காற்றே 1.03 கிலோ அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்து குக்கருக்குள் இரண்டு கிலோ. தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறும். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்று 0.86 கிலோதான். மொத்தம் 1.86 கிலோ, சூடு 117 டிகிரியோடு நின்றுவிடும். திறந்த பாத்திரத்திலோ தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே ஓரிரண்டு விசில் கூட விடுங்கள். வெயிட் மேல் வேறு எதையும் ஏற்றி வைக்காதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

கேஜில் தெரிவதோடு வெளிக்காற்றைக் கூட்டினால் வருவதை அப்சல்யூட் என்பார்கள். பஞ்சரான டயரில் கேஜ் பூஜ்ஜியம் காட்டும், உள்ளே காற்று இருக்கத்தான் செய்கிறது. எந்த அழுத்தத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று காட்டும் நீராவி அட்டவணைகள் பெரும்பாலும் அப்சல்யூட்டில்தான் இருக்கும். பாய்லர் கேஜ் 7 கிலோ என்றால் அட்டவணையில் 8க்கு நேராகப் பார்க்க வேண்டும். கிலோவைப் பாராக்கும்போது வருவது இரண்டு சதவீத வித்தியாசம்தான். வெளிக்காற்றைக் கூட்ட மறந்தால் ஒரு முழுக் கிலோ போய்விடும்.

கேள்வி: ஐடிஐ பயிற்சிக்குப் போகும் கம்பெனியில் கம்பிரசர் கேஜ் 0.7 மெகாபாஸ்கல் காட்டுகிறது. பராமரிப்புத் தாளில் 100 பிஎஸ்ஐ. இரண்டும் ஒன்றா?
- ஒரு மாணவர், வாளையாறு

பதில்: ஏறக்குறைய ஒன்று. 0.7 மெகாபாஸ்கல் என்பது 7 பார், 101.5 பிஎஸ்ஐ. நோட்டில் ஒரே வரியாக எழுதிக்கொள்: 1 பார் = 100 கிலோபாஸ்கல் = 14.5 பிஎஸ்ஐ = 1.02 கிலோ = 750 மில்லிமீட்டர் பாதரசம்.

சேஃப்டி வால்வு வைக்கும்போது மட்டும் பாரும் கிலோவும் ஒன்று என்று விட்டுவிடாதே. டாங்கின் எல்லை 7 பார் என்று இருந்து வால்வை 7 கிலோவில் வைத்தால் அது 6.86 பார், பாதகமில்லை. எல்லை 7 கிலோ என்று இருந்து 7 பாரில் வைத்தால் 7.14 கிலோ ஆகிவிடும். அப்படி வைத்திருப்பதைப் பார்த்தால், கையெழுத்துப் போடும் முன் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடு.