போர் தண்ணீரும் சுண்ணாம்பு மண்ணும்: வந்த கேள்விகளுக்குப் பதில்

மண், தண்ணீர் சம்பந்தமாக என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். மண் ஆய்வுக்கூடத்தில் 20 வருடம் இருந்தவன் என்பதால் எல்லாரும் உரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பல்லடம் பக்கத்திலிருந்து ஒருவர்: ஏனுங்க, 900 அடி போர், ஆறு வருடமாகச் சொட்டுநீர்ப் பாசனம். இப்போது மேல் மண் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நனைந்தால் வழுக்குகிறது, காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடுகிறது. எந்த உரம் போட்டும் பயிர் எழவில்லை. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள், போடலாமுங்களா?

அவசரப்படாதீங்கண்ணா. முதலில் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். காட்டிலிருந்து, அதாவது உங்கள் வயலிலிருந்து, நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒன்று, சுண்டைக்காய் அளவு போதும், எடுத்து வாருங்கள். கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி அதில் மெதுவாகப் போட்டு, அசைக்காமல் வைத்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் மறுநாள் காலையிலும் பாருங்கள். கட்டி உதிர்ந்து கீழே கிடந்து தண்ணீர் தெளிவாக இருந்தால் அவ்வளவாகப் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கரைந்த மாதிரி கலங்கல் பரவினால் மண்ணில் சோடியம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். போர் தண்ணீரில் இதைச் செய்ய வேண்டாம், அதிலிருக்கும் உப்பே கலங்கலைத் தடுத்து உங்களை ஏமாற்றிவிடும்.

சோடியம் களித்துகள்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடும். பிரிந்த துகள் மண்ணின் நுண்துளைகளையெல்லாம் அடைத்துக்கொள்வதால் தண்ணீரும் காற்றும் உள்ளே இறங்காது, வேர் மூச்சு முட்டும். உரம் போட்டும் பயிர் எழாததற்கு இது பெரிய காரணம். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். ஆனால் தள்ளப்பட்ட சோடியம் வேருக்குக் கீழே இறங்கிப் போக நல்ல தண்ணீர் வேண்டும், வடிகாலும் வேண்டும். இரண்டும் இல்லாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டுவது பணத்தைக் கொட்டுவதுதான். எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனையில் கேட்டு வாங்கி, ஐப்பசி மழைக்கு முன்பே போட்டு உழுது, வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைக் காட்டிலேயே நிறுத்துங்கள். சோடியம் இல்லாமல் வெறும் உப்புதான் என்றால் ஜிப்சமே வேண்டாம், அந்த மழையே கழுவிவிடும்.

இன்னொன்று, மண்ணைச் சரிசெய்துவிட்டு அதே தண்ணீரையே பாய்ச்சினால் சில வருடத்தில் பழையபடி ஆகிவிடும். தண்ணீர்ச் சோதனை அறிக்கையில் ஆர்.எஸ்.சி. என்று ஒரு வரி இருக்கும், எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று அர்த்தம். 1.25க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 2.5ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை அப்படியே பாய்ச்சக் கூடாது. தொட்டியில் ஜிப்சம் பரப்பி அதன் வழியாக விட்டுப் பாய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள், அது சரியான முறை. மண் சரியாகும் வரை சின்ன வெங்காயம் வேண்டாம், உப்பைத் தாங்காது. பருத்தி ஓரளவு தாங்கும்.

அவிநாசியிலிருந்து: தண்ணீர் மாதிரியை எப்படி எடுப்பது?

மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் ததும்பப் பிடித்து, தாமதிக்காமல் கொடுங்கள். சித்திரையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை.

காங்கயத்திலிருந்து ஒரு தம்பி: நிலக்கடலையில் இளம் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டேன், மாறவில்லை.

இது தழைச்சத்துக் குறை இல்லை, இரும்புச்சத்து. உங்கள் மண்ணில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சைச் சாற்றை நாலு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு அதிகம். மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு அதைப் பிடித்துவைத்துக்கொண்டு வேருக்கு விடாது. அதனால் மண்ணில் போடுவதைவிட இலையில் தெளிப்பதே பலன் தரும். 10 லிட்டர் டேங்குக்கு 50 முதல் 100 கிராம் ஃபெரஸ் சல்பேட், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை, வெயில் தாழ்ந்த பிறகு. தண்ணீரைத் தேக்காதீர்கள், ஈரம் மிஞ்சினால் மஞ்சள் கூடும்.

பெருந்துறைப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நெல் வைத்திருக்கும் ஓர் அம்மா: நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டுமா?

வேண்டியதில்லைங்கம்மா. ஓர் அடி நீளக் குழாயில் சுற்றிலும் துளை போட்டு, பாதி மண்ணுக்குள் போகும்படி வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் நிற்பதைப் பார்ப்பீர்கள். அது மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள். 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும்.

பொள்ளாச்சி: தென்னைக்குச் சொட்டுநீரில் எவ்வளவு?

மேற்கு மாவட்டங்களுக்கு, பிப்ரவரி முதல் மே வரை மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர், மழை மாதங்களில் 45 போதும். மட்டையை எரிக்காதீர்கள், வட்டப்பாத்தியில் புதையுங்கள், ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

தாராபுரம்: மூன்று போர் போட்டுவிட்டோம், மூன்றும் வறண்டுவிட்டன. நாலாவது போடலாமா?

வேண்டாமுங்க. கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர், நாலு டேங்கர் லாரி. வருடத்துக்கு 60 செ.மீ. பெய்தாலும் 24 லட்சம் லிட்டர் உங்கள் காட்டுக்கு வருகிறது. அதில் எவ்வளவு ஓடைக்குப் போகிறது என்று ஒரு மழையில் குடை பிடித்துக்கொண்டு வரப்பு முனையில் நின்று பாருங்கள். கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள், தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். வறண்ட போரில் காட்டுத் தண்ணீரை நேராக விட்டுவிடாதீர்கள், வண்டலும் உரமும் சேர்ந்து இறங்கும். பக்கத்தில் குழி எடுத்து, கல், ஜல்லி, மணல் நிரப்பி, வடிந்த தண்ணீரை மட்டும் உள்ளே விடுங்கள். நாலாவது போருக்கு வைத்திருக்கும் பணத்தில் இதெல்லாம் முடியும், மழைக்கு முன்னால் ஆரம்பித்துவிடுங்கள்.