காற்றிலுள்ள ஆவிகள் துகளாக மாற மின்னூட்டம் உதவுகிறதா?

உதவுகிறது. ஆனால் எந்த ஆவி, எவ்வளவு குளிர் என்பதைப் பொறுத்து உதவியின் அளவு வெகுவாக மாறும்.

சில கந்தக அமில மூலக்கூறுகள் காற்றில் ஒட்டிக்கொண்டால் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் அளவுள்ள கொத்து உருவாகும். இவ்வளவு சிறிய கொத்திலிருந்து மூலக்கூறுகள் எளிதில் ஆவியாகிப் போய்விடும்; பெரும்பாலானவை வளர்வதற்குள் கலைந்துவிடுகின்றன. கொத்தில் ஓர் அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற அணு அல்லது மூலக்கூறு, இருந்தால், அதன் மின்விசை பக்கத்திலுள்ள முனைவுடைய (ஒரு பக்கம் சற்று நேர்மின்னும் மறுபக்கம் சற்று எதிர்மின்னும் கொண்ட) மூலக்கூறுகளை இழுக்கும். ஒட்டியவற்றையும் இறுக்கிப் பிடிக்கும். இந்தப் பிடிப்புதான் முக்கியம் என்பேன். இத்தகைய அயனிகளை விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் எங்கும் உண்டாக்குகின்றன. நிலப்பரப்பில் மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் சேர்ந்துகொள்கிறது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன். 1890களின் பிற்பகுதியில், கேம்பிரிட்ஜில், தூசியில்லாத ஈரக்காற்றைத் திடீரென விரியவிட்டார். எதிர்மின் அயனிகள்மேல் துளி பிடிக்க, தெவிட்டிய நிலையைப்போல் (காற்று இயல்பாகத் தாங்கும் உச்ச அளவைப்போல்) சுமார் 4 மடங்கு நீராவி தேவைப்பட்டது. நேர்மின் அயனிகளுக்குச் சுமார் 6 மடங்கு. மின்னூட்டத் துகள்களின் தடத்தைத் துளிகளால் காட்டும் அவருடைய முகிற்கலத்துக்கு 1927இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உண்மையான மேகத்தில் நீராவி தெவிட்டிய நிலையை 1 விழுக்காடு தாண்டுவதே அரிது. எனவே வானில் நீராவி நேராக அயனிமேல் படிந்து துளியாவதில்லை. கந்தக அமிலம், அம்மோனியா, மரங்கள் விடும் ஆவிகள் முதலியவைதான் முதலில் துகளாகின்றன. நீர் பிறகு அவற்றின்மேல் படிகிறது.

ஜெனீவாவில் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தின் கிளவுட் என்னும் சோதனை இதைத்தான் அளக்கிறது. 26 கன மீட்டர் எஃகுக் கலத்துக்குள் மின்புலத்தை இயக்கினால் அயனிகள் அகன்றுவிடும். நிறுத்தினால் காஸ்மிக் கதிர் உண்டாக்கும் அயனிகள் தங்கும். ஒரே காற்றை இரு நிலையிலும் ஒப்பிட முடிவது அருமையான வசதி. கந்தக அமிலமும் அம்மோனியாவும் இருந்தபோது, அயனிகளால் துகள் பிறக்கும் வேகம் 2 முதல் 10 மடங்குக்கும் மேல் கூடியதாக 2011இல் அறிவித்தார்கள். அம்மோனியாவுக்குப் பதில் அதன் உறவுச் சேர்மமான டைமெத்திலமீன் சேர்த்தபோது அயனிகளின் பங்கு மிகவும் சுருங்கிவிட்டது; அந்தக் கொத்துகள் மின்னூட்டம் இல்லாமலே உறுதியானவை. பைன் மரங்கள் விடும் ஆல்ஃபா-பினீன் ஆவியில் வந்த 2016 முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது: கந்தக அமிலமே இல்லாமல் துகள்கள் பிறந்தன, அயனிகள் அந்த வேகத்தை 10 முதல் 100 மடங்கு உயர்த்தின.

அப்படியானால் காஸ்மிக் கதிர்கள்தான் மேகங்களையும் புவி வெப்பமாதலையும் இயக்குகின்றனவா? இல்லை. மேகத்துளிக்கு வித்தாக, துகள் பொதுவாக 50 முதல் 100 நானோமீட்டர் வரை வளரவேண்டும். வழியிலேயே பல பெரிய துகள்களில் ஒட்டிக் காணாமல் போகின்றன. 11 ஆண்டுச் சூரியச் சுழற்சியில் காஸ்மிக் கதிர் கூடிக் குறைவதால் மேக வித்துகளில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியது என்றே கிளவுட் அளவீடுகளைக் கொண்டு செய்த உலகக் கணக்கீடும் காட்டியது.

அயனிகளின் பங்கு தூய காற்றில்தான் பெரிது. நிலக்கரிப் புகையின் கந்தகம் பெருகுவதற்கு முந்தைய காலத்தில், காடுகளுக்கு மேலே இருந்த மேகங்களைக் கணக்கிட முயல்பவர்கள் மர ஆவிகளோடு அயனிகளையும் சேர்த்தே ஆகவேண்டும்.