கோத்தகிரியில் கேம்பராக மாற்றிய பழைய டீசல் வேன்: காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, எந்த ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கலாம்?

முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். சாவியைத் திருப்பும்போது 12 வோல்ட் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். நம் மலைக்குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகிவிடும். பேட்டரி தாங்கியும் மோட்டார் முனையில் வோல்ட் குறைகிறதா? கேபிளையும், பேட்டரியைச் சேஸிஸோடு இணைக்கும் எர்த் பட்டையையும் பாருங்கள். குன்னூரில் நான் புது மோட்டாரே வாங்கி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் சேஸிஸில் எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு. உப்புத்தாளால் தேய்த்தாலே முடிந்திருக்கும் வேலை!

மோட்டார்தான் கோளாறு என்றால் பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், ஒரே மாடலிலேயே ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கும். 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, பினியனில் (மோட்டார் முனையில் உள்ள சிறு பல்சக்கரம்) பல் எத்தனை, சுற்றும் திசை, போல்ட் துளைகள், தகட்டில் உள்ள கிலோவாட் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பல் பொருந்தாவிட்டால், அது சுழற்றும் இன்ஜின் பக்கத்துப் பல்வளையமான ஃப்ளைவீல் ரிங்கையே தின்றுவிடும்.

பொருந்துகிற, உள்ளேயே பல்சக்கரம் வைத்து விசையைக் கூட்டும் கியர் ரிடக்‌ஷன் வகை கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். எடை குறைவு, கரண்டும் குறைவாக இழுக்கும். அப்புறம், ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் கம்பிச்சுருள் பாகம்) நன்றாக இருந்தால் கார்பன் பிரஷ், புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்), சொலினாய்டு (மோட்டாரின் மின்காந்த சுவிட்ச்) மாற்றினாலே பழையது ஓடும்.